கையால் கற்கும் கணக்கு

நிலக்கடலை பறிக்கும் காலத்தில் மல்லசமுத்திரத்தைச் சுற்றியுள்ள மேட்டுக் காடுகளின் ஓரமாக நடந்து செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். பெரியோர் பிடுங்கிப் போட்ட செடிகளின் அருகே ஆறு வயதுக் குழந்தை ஒன்று அமர்ந்து விளையாடுகிறது. முற்றிய காயைத் தனியே வைக்கிறது. பிஞ்சைத் தனியே ஒதுக்குகிறது. 'தம்பிக்குச் சரிபாதி கொடு' என்று தாய் சொன்னால், தனக்கு ஒன்று தம்பிக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்கிறது. கடைசியில் ஒரு காய் மிஞ்சினால், அதை உடைத்து ஆளுக்கு ஒரு பருப்பாகப் பகிர்ந்து கொள்கிறது. இனம் பிரித்தல், ஒன்றோடு ஒன்று பொருத்துதல், சமமாகப் பகுத்தல், மீதியைக் காணுதல் ஆகிய நான்கையும் அக்குழந்தை பிழையின்றிச் செய்து முடித்துவிட்டது.

அதே குழந்தை மறுநாள் வகுப்பில் உட்காருகிறது. கரும்பலகையில் 7 + 5 என்று எழுதியிருக்கிறது. குழந்தை விழிக்கிறது. 'இவனுக்குக் கணக்கு வராது' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சொல் குழந்தையின் காதிலும் விழுகிறது. ஒருமுறை விழுந்த அச்சொல்லை வாழ்நாள் முழுதும் நம்பிக்கொண்டிருப்போர் நம்மிடையே எத்தனை பேர்! உண்மையில் அக்குழந்தைக்குக் கணக்கு வந்தே இருக்கிறது. காட்டில் செய்த கணக்கும் பலகையில் எழுதிய கணக்கும் ஒன்றே என்பதை அதற்குக் காட்டுவார்தாம் இல்லை.

இஃது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவோரத்தில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து சிறுவர்களை மூன்று உளவியலாளர்கள் ஆராய்ந்து, தம் முடிவை 1985-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விற்பனையின்போது வாய்க்கணக்காகக் கேட்டவற்றில் நூற்றுக்கு 98 சரியாக இருந்தன. அதே கணக்குகளை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது, சரியானவை நூற்றுக்கு 37 அளவே. கொல்கத்தா, டெல்லி நகரச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் பொருளியலறிஞர் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் செய்த ஆராய்ச்சி 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அதுவும் இதே செய்தியைச் சொல்கிறது. அதனோடு மற்றொன்றும் சொல்கிறது: பள்ளிக் கணக்கை நன்றாகச் செய்யும் மாணவர்கள் சந்தைக் கணக்கில் தடுமாறுகின்றனர். கைக்கணக்கு தானாக ஏட்டுக் கணக்காக மாறுவதில்லை. ஏட்டுக் கணக்கும் தானாகக் கைக்கு வருவதில்லை. இரண்டையும் இணைத்தல் ஆசிரியரின் கடமை. தாய் தந்தையரின் கடமையுங்கூட.

கையால் கற்பித்தல் என்பது புதிய கருத்தன்று. ஜெர்மானியரான ஃப்ரோபெல் 1837-இல் குழந்தைகளுக்கெனப் பள்ளி தொடங்கியபோது, மரக்கட்டைகளையும், மடிக்கும் தாளையும், பின்னும் கீற்றுகளையும் பாடப் பொருள்களாக்கினார். மாண்டிசோரி அம்மையார் ரோமாபுரியில் 1907-இல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். அவர் அமைத்த கருவிகளுள் ஒன்று நம் பகுதியினருக்கு எளிதில் விளங்கும். நூல் நூற்கும் கதிர் போன்ற குச்சிகள் 45. அவற்றை இடுவதற்குப் பத்து அறைகள். அறைகளின்மேல் 0 முதல் 9 வரை எண்கள் எழுதியிருக்கும். குழந்தை ஒன்றாம் அறையில் ஒரு கதிர், இரண்டாம் அறையில் இரண்டு கதிர் என்று இட்டுக்கொண்டே செல்லும். எல்லாக் கதிரும் தீர்ந்தபின் ஓர் அறை வெறுமையாய் நிற்கும். சுழியின் பொருளை இதனினும் தெளிவாக எச்சொல்லால் விளக்க இயலும்?

நம் நாட்டில் காந்தியடிகள் 1937-இல் வார்தா மாநாட்டில் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நூற்பு முதலிய கைத்தொழில் ஒன்றை நடுவாக வைத்து, அதைச் சுற்றி மொழியையும் கணக்கையும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நூல் சுற்றும் சட்டத்தில் ஒரு சுற்று 4 அடி; 160 சுற்று கால் சிட்டம்; 640 சுற்று ஒரு சிட்டம். நூற்கும் பிள்ளை தன் கையால் சுற்றியதை எண்ணாமல் இருக்க முடியாது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவியது முதற்கொண்டு, இராட்டையின் ஒலி இவ்வட்டாரத்திற்குப் பழகிய ஒலியாயிற்று.

ஆயினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. 1953-இல் சென்னை மாநிலத்தில் தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. தந்தையின் தொழிலே மகனுக்கும் விதி என்று ஆக்கும் குலக்கல்வி அது என மக்கள் எதிர்த்தனர். 1954-இல் அது கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு தந்த பாடத்தை இன்றும் நாம் மனத்தில் வைக்க வேண்டும். வகுப்பறையில் குழந்தை செய்யும் கைவேலை விற்பதற்கன்று, பிழைப்புக்கும் அன்று. எல்லாக் குழந்தைகளும் எல்லா வேலைகளையும் மாறி மாறிச் செய்தல் வேண்டும். மண் பிசைவதும், ஓலை பின்னுவதும், கோலமிடுவதும் இன்ன வீட்டுப் பிள்ளைக்கு, இன்ன பாலருக்கு என்று பிரித்தால், கணக்கோடு வேறொரு தீங்கையும் கற்பித்தவர்களாவோம்.

இனி, எண் என்பது யாது என்று சிறிது காண்போம். நூறு வரை ஒப்பிக்கும் குழந்தை எண்ணை அறிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. எண்ணும்போது ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே சொல்ல வேண்டும். சொற்களின் வரிசை மாறலாகாது. கடைசியாகச் சொன்ன சொல்லே முழுத் தொகையையும் குறிக்கும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் எண்ணுதல் ஆகும். இவற்றுக்கு மேலும் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே, ஒரே எண்ணிக்கையுள்ள இரு வரிசைகளைக் குழந்தைகளின்முன் வைத்தார். பிறகு ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பினார். நான்கைந்து வயதுக் குழந்தைகள் பலர், பரந்த வரிசையிலேயே மிகுதி என்றனர். இடம் மாறினாலும் எண் மாறாது என்னும் தெளிவு கையால் பலமுறை சேர்த்தும் பரப்பியும் பார்த்த பின்னரே நன்கு ஊன்றும்.

இதற்கு வேண்டிய பொருள்களை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பருவமும் நம் வாயிலில் கொண்டுவந்து வைக்கிறது. பள்ளி ஆண்டு தொடங்கும் ஆனி, ஆடி முதல் வரிசையாகப் பார்ப்போம்.

ஆடி முதல் நாள் சேலம், நாமக்கல் பகுதிகளில் தேங்காய் சுடும் பண்டிகை. தேங்காயின் கண்ணைத் துளைத்து, நீரை வடித்து, வெல்லமும் பயறும் எள்ளும் அவலும் பொட்டுக்கடலையும் இட்டு, அழிஞ்சில் குச்சியில் செருகித் தீயில் சுடுவார்கள். தீயருகே பெரியோர் இருக்கட்டும். அதற்கு முன் நடக்கும் வேலை குழந்தையினுடையது. தேங்காய்க்குக் கண் எத்தனை? ஒரு தேங்காய்க்கு மூன்று கரண்டி வெல்லம், இரண்டு கரண்டி பயறு, ஒரு கரண்டி எள் என்று அளந்தால், இரு தேங்காய்க்கு எத்தனை? வெட்டி வந்த குச்சிகளுள் நெடியது எது, குறியது எது? மறுநாள் வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டில் சுட்ட தேங்காய் ஒன்றுக்கு ஒரு மண் உருண்டை பிடித்து, தன் பெயருக்கு நேரே வரிசையாக அடுக்கட்டும். எவ்வரிசை நீளம், எவ்விரண்டு வரிசை சமம் என்பது பார்த்த அளவிலே தெரியும். புள்ளிவிவரத்தின் முதற்பாடம் அது.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி. களிமண் கிடைக்கும். ஓர் உருண்டையை இரண்டாக்கினால் அரை. அதை மீண்டும் இரண்டாக்கினால் கால். மேலும் இரண்டாக்கினால் அரைக்கால். எட்டு அரைக்கால்களையும் சேர்த்துப் பிசைந்தால் பழைய உருண்டை வந்துவிடும். பாம்புபோல் நீட்டினாலும் அப்பம்போல் தட்டினாலும் மண் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கீழ்வாய் இலக்கத்தை நெட்டுருப் பண்ணிய பிள்ளைகள் பட்ட பாட்டை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கையில் மண்ணைக் கொடுத்துவிட்டுச் சொன்னால் அதே பாடம் விளையாட்டாகும். படியளவும் இவ்வாறே. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் லிட்டரும் கிலோவும் வந்துவிட்டன; எனினும் சில வீடுகளில் பழைய படி இன்னும் இருக்கும். அதனால் மணலை அளந்து பார்க்கும் குழந்தை, இரட்டித்தலையும் பாதியாக்குதலையும் ஒருங்கே உணரும்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலக்கடலை. ஒரு கூடைக் காயைத் தரையில் கொட்டி, ஒரு பருப்புக் காய், இரு பருப்புக் காய், மூன்று பருப்புக் காய் என்று தொட்டும் குலுக்கியும் பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்தவற்றை மூன்று வரிசையாக அடுக்குங்கள். 'பத்து இரு பருப்புக் காயை உடைத்தால் பருப்பு எத்தனை?' என்று உடைப்பதற்கு முன்பே கேளுங்கள். குழந்தை ஒரு விடை சொல்லும். பிறகு உடைத்து எண்ணித் தன் விடையைத் தானே சோதிக்கும். ஆசிரியரின் சிவப்பு மையைவிட இச்சோதனை மேலானது. தவறினாலும் குழந்தைக்கு அவமானமில்லை. கணக்கு முடிந்தபின் பருப்பைத் தின்றுவிடலாம்.

மார்கழி வந்தால் வாசல்தோறும் கோலம். நேர்ப்புள்ளியில் 1, 3, 5, 3, 1 என்று வைத்தால் புள்ளிகள் 13. 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வைத்தால் 25. ஊடுபுள்ளியில் 3, 4, 5, 4, 3 என்றால் 19. ஒவ்வொரு வரிசைக்கும் எத்தனை கூடுகிறது, எவ்விடத்தில் குறையத் தொடங்குகிறது என்று குழந்தையே கண்டு சொல்லட்டும். சிறு குழந்தைகள் மாவினால் இடுவதற்கு முன் புள்ளிக்கு ஒரு புளியங்கொட்டை வைத்துப் பழகலாம். ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 1, 3, 5, 7 என்னும் ஒற்றைப்படை எண்களைக் கூட்டிக்கொண்டே சென்றால் 1, 4, 9, 16 என்று வரும். இவை யாவும் சதுரங்கள். பிற்காலத்தில் குழந்தை பயிலப்போகும் இயற்கணிதத்தின் வித்து வீட்டு வாசலிலேயே கிடக்கிறது.

தை பிறக்கும் தறுவாயில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டுவது கொங்கு நாட்டு வழக்கம். ஒரு கொத்துக்கு வகைக்கு ஒன்றாக மூன்று தழை. நான்கு வாசலுக்குக் கொத்து எத்தனை, தழை எத்தனை? பெருக்கல் வாய்பாட்டை ஒப்பிக்காத குழந்தையும் இதைச் செய்துவிடும். அறுவடையான சோளத்தட்டை விரலளவாக நறுக்கிப் பத்துப் பத்தாக நாரினால் கட்டுவது அடுத்த வேலை. இரண்டு கட்டும் மூன்று உதிரியும் 23; மூன்று கட்டும் இரண்டு உதிரியும் 32. இடமதிப்பு இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. நம் தமிழும் இதற்குத் துணை நிற்கிறது. 'இருபத்து மூன்று' என்னும் சொல்லிலேயே இரு பத்தும் மூன்றும் இருக்கின்றன. தொண்ணூறு என்னும் சொல்லில் மட்டும் பத்து இல்லை, நூறு இருக்கிறது. எண்பத்தொன்பதுக்குப்பின் குழந்தைகள் தடுமாறுவதற்கு இஃதும் ஒரு காரணமாகலாம். அவ்விடத்தில் ஒன்பது கட்டுகளை எடுத்து முன்னே வைத்துச் சொல்வது நலம்.

பருத்தி வெடிக்கும் காலம் நம் ஊருக்குச் சிறப்பானது. பக்கத்தில் பருத்திப்பள்ளி என்று ஊரின் பெயரே இருக்கிறது. மல்லசமுத்திரத்தில் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பருத்தி ஏலத்துக்கு மூட்டைகள் வந்து இறங்குவதைக் குழந்தைகள் கண்டிருப்பார்கள். வெடித்த காயில் சுளை மூன்றா, நான்கா, ஐந்தா என்று எண்ணிப் பிரிக்கட்டும். இரண்டு கொட்டாங்கச்சியும் ஒரு குச்சியும் கயிறும் கொண்டு தராசு செய்யுங்கள். ஒரு தட்டு நிறையப் பருத்தி. மறு தட்டில் ஒரு சிறு கல். கல்லே தாழ்கிறது! பெரிது என்பது வேறு, கனம் என்பது வேறு என்று குழந்தை வியக்கும். இத்தராசு இன்னொரு பெரிய உதவியும் செய்யும். சமக்குறியைக் கண்டால், 'இதோ விடை எழுதும் இடம்' என்றே பல குழந்தைகள் எண்ணிக்கொள்கின்றனர். ஒரு தட்டில் ஒத்த கொட்டைகள் ஏழும் ஐந்தும், மறு தட்டில் பன்னிரண்டும் வைத்து, முள் நேராக நிற்பதைக் காட்டினால், சமக்குறி என்பது இருபக்கமும் ஒத்திருத்தல் என்று விளங்கும். எட்டாம் வகுப்பில் சமன்பாடு கண்டு அஞ்சாத மாணவன் இங்கே உருவாகிறான்.

மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். புளியங்கொட்டையைப் போல் மலிவான எண்கருவி வேறில்லை. 'ஒற்றையா இரட்டையா' விளையாட்டும் பல்லாங்குழியும் அதற்கெனவே பிறந்தவை. பல்லாங்குழியில் 14 குழி; குழிக்கு 5 வீதம் இட்டால் 70. எடுத்த கொட்டை எக்குழியில் தீரும் என்று முன்கூட்டியே பார்க்கும் குழந்தை, கூட்டலையும் கழித்தலையும் மனத்தினுள் நடத்துகிறது. கோடையில் பனையோலைக் கீற்றை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பின்னினால் ஒற்றையும் இரட்டையும் கோலமாக விளையும். நுங்கு வெட்டும்போது பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். ஐந்து காய்க்கு எத்தனை என்று விடுமுறையிலும் கேட்கலாம்.

பொருள்களைத் தேர்வதில் எச்சரிக்கை தேவை. குன்றிமணி அழகானது, ஆயினும் நஞ்சு. ஆமணக்கு முத்தும் நஞ்சு. இவ்விரண்டும் குழந்தையின் கைக்கு வரலாகாது. மிகச் சிறிய குழந்தைகள் கொட்டையை வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்வர். அவர்களுக்குப் பெரிய பொருள்களே ஏற்றவை.

இவ்வளவும் செய்தபின் நின்றுவிட்டால், ரெசிஃபே நகரச் சிறுவர்களின் நிலையிலேயே நம் குழந்தைகளும் நிற்பர். ஆகவே ஒவ்வொரு கைவேலையையும் நான்கு படிகளாக முடித்தல் வேண்டும். முதலில் கையால் செய்தல். இரண்டாவது, செய்ததை வாயால் சொல்லுதல்: 'என்னிடம் ஏழு காய் இருந்தது, நீ ஐந்து தந்தாய், இப்போது பன்னிரண்டு.' மூன்றாவது, காயை அகற்றிவிட்டு அதற்குப் பதிலாக வட்டமோ கோடோ வரைதல். நான்காவது, 7 + 5 = 12 என்று எழுதுதல். பிறகு அதே வழியில் திரும்பியும் வர வேண்டும். '9 − 4 என்று எழுதியிருக்கிறேன். இதற்குக் கடலைக்காயால் ஒரு கதை சொல்' என்று கேளுங்கள். கதை சொல்லத் தெரிந்த குழந்தைக்குக் குறியீடு விளங்கிவிட்டது. நம்மில் பலர் முதற்படியோடு நின்று மகிழ்கிறோம். அல்லது நான்காம் படியிலேயே தொடங்கி வருந்துகிறோம். இரண்டும் பயன் தாரா.

தமிழ்நாட்டு அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புக் குழந்தைகள் எட்டு வயதுக்குள் அடிப்படை எண்ணறிவு பெற வேண்டும் என்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. அங்கே பாட்டும் ஆட்டமும் செயலும் வகுப்பறைக்குள் வந்தன. ஆனால் அட்டையில் அச்சிட்ட மாம்பழத்தை எண்ணுவதோடு, வாசலில் கிடக்கும் புளியங்கொட்டையையும் எண்ணினால் குழந்தைக்கு ஊரும் பள்ளியும் ஒன்றாகும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். 'எனக்கே எழுத்துத் தெரியாது. நான் என்ன கணக்குச் சொல்லிக் கொடுப்பேன்?' என்று தயங்க வேண்டாம். அரிசியை அளக்கிறீர்கள், கோலப் புள்ளியைக் கணக்காய் வைக்கிறீர்கள், காய் ஆய்ந்த கூலியை விரல்விட்டு எண்ணி வாங்குகிறீர்கள். அவற்றைச் செய்யும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். குழந்தையையும் ஒரு கை போடச் சொல்லுங்கள். 'எப்படித் தெரிந்தது?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். மற்றதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

ஏலக் களத்தில் எடைச்சீட்டை வாங்கித் தானே படித்து, விலையால் பெருக்கி, வரவேண்டிய தொகை வந்ததா என்று தானே பார்த்துக்கொள்ளும் உழவனுக்கு மற்றொருவர் துணை வேண்டியதில்லை. அந்தத் தன்னம்பிக்கை ஒரே நாளில் வருவதன்று. கடலைக் காட்டு ஓரத்தில், தம்பிக்குச் சரிபாதி பங்கிட்ட அன்றே அது தொடங்கியிருக்கிறது. அடுத்த முறை அக்குழந்தை பலகையின்முன் விழித்து நின்றால், அதன் கையில் பன்னிரண்டு கடலைக்காயைக் கொடுங்கள். பிறகு சற்றுப் பொறுத்திருங்கள்.